காசிமாயனின் கேஸ் கார்

போடி கார் ஸ்டாண்டில் என் வண்டிக்கு அடுத்துதான் காசிமாயன் வண்டி நிற்கும். தங்கமான ஆள்தான். ஆனால் யார் சொன்னாலும் காதில் ஏறாது. ரொம்ப வருசம் பழைய கார்புரேட்டர் வேனைக் கேஸில் ஓட்டியவன். அதில் பெட்ரோல் டேங்கு வறண்டு கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அதே பழக்கத்தை இந்த இன்ஜெக்‌ஷன் காருக்கும் கொண்டுவந்தான், படுபாவி.

கேஸ் கிட் மாட்டிக்கொடுத்த மெக்கானிக் ஞானதுரை படித்துப் படித்துச் சொன்னார். "இது பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் சூடானாத்தான் கேசுக்கு மாறும் அப்பு. கேஸ்ல ஓடும்போதும் டேங்குக்குள்ள பம்பு சுத்திக்கிட்டேதான் இருக்கும். பெட்ரோல் இல்லாட்டி கருகிரும்."

"கேஸ் வண்டிக்கு எதுக்குண்ணே பெட்ரோலு?" என்று சிரித்துவிட்டுக் காரை எடுத்துப் போய்விட்டான்.

அவன் தங்கச்சி ஈஸ்வரிக்கு மலையில் மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகியிருந்தாள். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தவேண்டுமே, பிறக்காத பிள்ளைக்கு இவன் தோடே வாங்கிவிட்டான். பிரசவத்துக்கு ஜீப்பில் குலுங்கி வரக்கூடாது, நானே காரில் அழைத்துவருவேன் என்று ஒரே பிடிவாதம்.

சாயங்காலம் மலையேறிப் போனான். டேங்கில் பேருக்குத்தான் பெட்ரோல். விடியும்போது ஈஸ்வரிக்கு வலி கண்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இறக்கத்தில் தள்ளியும் பார்த்தார்கள். பம்பு செத்த வண்டியைத் தள்ளி என்ன பிரயோசனம்? பக்கத்துத் தோட்டத்து ஜீப்பு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஈஸ்வரி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

காரைப் பட்டறைக்கு இழுத்துவந்தோம். புதுப் பம்பு மாட்டிய ஞானதுரை காசிமாயனிடம் கேட்டார்: "ஏப்பா, கேஸ் சுவிட்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பிப் பாத்தியா? அவசரத்துக்கு நேரா கேஸ்லயே ஸ்டார்ட் ஆகுமே."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"எங்க நின்னு கேட்டான்?" என்றார்.

காசிமாயன் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தான்.

"ஈஸ்வரிகிட்ட சொல்லிராதண்ணே. வண்டி மக்கர் பண்ணா எங்கண்ணன் என்ன செய்வான்னு, எனக்காக ஊர்பூரா சண்டை போட்டுக்கிட்டிருக்கா."