பேட்டரி கோட்டு போட்ட ஆறு நாள்

சின்னவனைப் பள்ளியில் 'என் தந்தை' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். "என் அப்பா ரோபோ மாதிரி உடை போட்டு வேலை செய்வார். அவர் முதுகில் மின்சாரம் இருக்கும்" என்று எழுதி, பத்துக்கு ஒன்பது வாங்கி வந்தான். பெரியவள் என் போனிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். கறுப்புக் கோட்டும் கையில் டிரில்லுமாக, எல்லாப் பல்லும் தெரிய நான் சிரிக்கிற படம்.

எதற்கு ஒரு மார்க் குறைத்தார்கள் என்று தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் இன்னும் குறைக்கச் சொல்லியிருப்பேன். பத்தாவதோடு நின்றவன் நான். எழுத உட்கார்ந்தால் பேனா ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம் போகும். ஆனாலும், பிள்ளைகளே, அந்தப் படத்தின் கதையை நடந்தபடி உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது படித்தால் தெரியும்.

நான் வேலை செய்கிற அலுமினியக் கடை கொரட்டூரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கொசுவலை, பால்கனிக்குப் புறா வலை, திரைச்சீலைக் கம்பி, இதுதான் எங்கள் வேலை. பெரும்பாலும் முகப்பேர் அடுக்குமாடி வீடுகளில். கொசுவும் புறாவும் இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையில்லை என்று ஓனர் சொல்வார். இரண்டும் குறைவதாகத் தெரியவில்லை.

வேலைக்குப் போவது இரண்டு பேர். ஏணி மேலே நான். கீழே, நீங்கள் 'ஏணி மாமா' என்று கூப்பிடுகிறவர். பாரிவாக்கத்தில் நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஆளின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. அங்கேயும் போய் நாங்கள் கொசுவலை அடித்துவிட்டு வந்தோம்.

ஏணி மாமா, டிரில்லுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜங்ஷன் பாக்ஸைத் தூக்கி வருவார். எந்தப் பிளக்கில் கரண்ட் வருகிறது என்று கண்டுபிடித்து ஒயர் இழுத்துக் கொடுப்பார். வழுக்குகிற டைல்ஸ் தரையில் ஏணி நகராமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்னால் ஸ்க்ரூவை நீட்டுவார். வேலை முடிந்ததும் சுவர்த் தூளைக் கூட்டி அள்ளுவார். இன்னொரு கால் பைக் விபத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்தது. மூட்டை தூக்கவோ, கம்பெனியில் எட்டு மணி நேரம் நிற்கவோ அவரால் முடியாது. இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மற்றதெல்லாம் நடந்தது.

போன சித்திரையில் ஓனர் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே கையில்லாத கறுப்புக் கோட்டு. முதுகில் நாலு பை.

"இன்னா சார் இது, மெதக்குற சட்டையா? ஏரி ரொம்பிடுச்சா?" என்றார் ஏணி மாமா.

"கிண்டல் பண்ணாதே. முதுகுல நாலு பேட்டரி. தோள் வழியா ஒயர் வந்து டிரில்லுல சொருகிக்கும். டிரில்லு கையில வெய்ட்டே இருக்காது. வெளிநாட்டுல எல்லாம் இதான்."

"வெளிநாட்டுல வேர்க்காது சார்."

ஓனர் அதைக் காதில் வாங்கவில்லை. தானே கோட்டை மாட்டிக்கொண்டு, ஏசி அறைக்குள் போய், இரண்டு நிமிடம் நடந்து பார்த்தார். "வெய்ட்டே தெரில" என்றார். ஆராய்ச்சி முடிந்தது.

புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டோம். கடையில் அதைச் செய்வது எப்போதும் ஏணி மாமாதான். அவர் கை ராசியான கை என்று ஓனருக்கு நம்பிக்கை. அன்றைக்கும் அவர்தான் நாலு பைக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கற்பூரம் அணைவதற்கு முன்னால் ஓனர் சொன்னார்:

"இனிமே ஜங்ஷன் பாக்ஸ் தேவையில்ல. பாக்ஸ் புடிக்கிற ஆளும் தேவையில்ல. திங்கள்லேந்து சனி வரைக்கும் இவன் தனியா போய்ப் பாக்கட்டும். சரியா வந்துச்சின்னா நீ சனிக்கெழமையோட நின்னுக்கப்பா."

ஏணி மாமா தன் விரலைப் பார்த்தார். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. "நல்லா கீது சார். எனக்கு நானே பொட்டு வெச்சிக்கினேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்பதால் அவரே சிரித்தார்.

எனக்கு ஐயோ என்றுதான் இருந்தது. ஆனால் கோட்டு என் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது அந்த ஐயோ எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் படம் அப்போது எடுத்ததுதான்.

அன்று சாயங்காலம் கோட்டோடு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தீர்கள். எதிர்வீட்டுக்காரர், மெட்ரோவில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மா மட்டும், "அப்ப அந்த அண்ணன் என்ன பண்ணுவாரு?" என்று கேட்டாள். "ஓனர் பாத்துப்பாரு" என்றேன். ஓனர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், செலவு எங்கே குறையும் என்று.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். ஓட்டை போட்டேன். ஸ்க்ரூ கீழே இருந்தது. இறங்கினேன், எடுத்தேன், ஏறினேன். திருப்புளி கீழே இருந்தது. இறங்கினேன். ஒரு ஜன்னலுக்குப் பதினோரு தடவை ஏறி இறங்கினேன். டிரில்லின் எடை கையில் இல்லை, உண்மைதான். அது முதுகுக்குக் குடிவந்துவிட்டது. கூடவே நாலு பேட்டரியும் சூடாகி, இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அது ஒன்றுதான் களைப்பில்லாமல் வேலை செய்தது.

ஓனர் செவ்வாய்க்கிழமை வந்து வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். நானும் மூச்சு வாங்குவது தெரியாமல் வேகமாகச் செய்து காட்டினேன். புதன்கிழமை ஏணி டைல்ஸில் ஒரு சாண் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். டிரில் என் தோளிலிருந்து ஒயரில் தொங்கியது. அதை நான் உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை, ஓனரிடமும் சொல்லவில்லை. "தனியா முடியுதாப்பா?" என்று ஓனர் கேட்டபோது, "ஈசியா கீது சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒரு மனுஷனின் வேலையைப் பிடுங்குகிறோம் என்பதைவிட, இந்தக் கோட்டைக் கழற்றி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை.

ஏணி மாமா அந்த வாரம் கடையில் உட்கார்ந்து வலை வெட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தால், தலை நிமிராமல், "இன்னா ரோபோ, சார்ஜ் கீதா?" என்பார். அந்தப் பேரை முதலில் வைத்தவர் அவர்தான். சின்னவன் எழுதியது சொந்தச் சரக்கு இல்லை.

சனிக்கிழமை கடைசி நாள். முகப்பேரில் மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். கோட்டோடு ஏணியையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, வியர்வை சொட்டச் சொட்ட, பேச்சு வராமல் வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவர் அறுபது வயது அம்மா. மதுரைப் பக்கத்துக்காரர், மகன் ஐடி வேலைக்கு வந்ததால் கூட வந்தவர். என் முகத்தைப் பார்த்தார். நெஞ்சின் குறுக்கே போகிற ஒயரைப் பார்த்தார். மினுக்குகிற பச்சை விளக்கைப் பார்த்தார்.

"ஆத்தி, உக்காருப்பா மொதல்ல" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "எப்ப மாட்டுனாக?"

"திங்கக்கெழமம்மா" என்றேன், கோட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.

"ஆறு நாளாவா? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள்தான் மாட்டுனாக."

அப்போதுதான் உள்ளே இருந்து அவர் வீட்டுக்காரர் வந்தார். போன மாதம் அவருக்கு நெஞ்சு படபடப்பு. ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, நெஞ்சில் ஒயர் ஒட்டி, இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஒரு நாள் பூராவும் பதிவு செய்திருக்கிறார்கள். என்னைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் பார்த்தார்.

"எனக்குச் சின்னதா ஒண்ணுதான். உங்களுக்கு நாலு வச்சிருக்காகளே. பெரிய கேஸு போல" என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

"ஐயோ, இல்லம்மா, இது டிரில்லுக்கு" என்றேன்.

"டிரில்லு கையில இருக்கு, மிஷினு நெஞ்சுல இருக்கு. எனக்கே காது குத்துறீகளா? வேல போயிரும்னு பயந்துக்கிட்டுச் சொல்றீக. மோரைக் குடிங்க" என்றார் அந்த அம்மா. மோர் வந்தது. குடித்தேன். ஆறு நாளில் உட்கார்ந்து குடித்த முதல் மோர்.

அந்த அம்மா போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, நெஞ்சுல மிஷின் மாட்டுன ஆளைத் தனியா ஏணி ஏற அனுப்பியிருக்கீகளே, நீங்கள்லாம் மனுசங்களா?"

"அம்மா, அது மிஷின் இல்லம்மா. பேட்டரி."

"என்னது?"

"பேட்டரிம்மா. அது இருந்தா ஆளு தனியா வேல செய்யலாம்."

அம்மா திரும்பி என் பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஆளுக்கு முடியலைன்னா பேட்டரியைப் போட்டு ஓட்டுவீகளா? இருங்க, இத எங்க பிளாட்டு குரூப்புல போடுறேன்."

அந்த குரூப்பிலிருந்துதான் எங்களுக்குப் பாதி வேலை வருகிறது. ஓனர் குரல் இறங்கிவிட்டது. "அம்மா, அவன்கிட்டயே போனைக் குடுங்க. ஏம்பா, நீயே சொல்லு. தனியா முடியும்னு சொல்லு."

பிள்ளைகளே, ஒரு வாரமாக நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். கோட்டைக் கழற்றிக் காட்டி, டிரில்லை ஓட்டிக் காட்டி, அந்த அம்மாவின் சந்தேகத்தைத் தீர்த்திருக்கலாம். ஆனால் என் கையில் மோர் டம்ளர் இருந்தது. நான் யாரென்றே தெரியாத ஒரு அம்மா, நான் விழுந்துவிடக் கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை ஏணி நகர்ந்தது நினைவுக்கு வந்தது. தினமும் அந்த ஏணியை மிதித்து நிற்கும் கம்பி இல்லாத கால் நினைவுக்கு வந்தது.

"சார், ஏணி புடிக்க ஆள் வேணும்" என்றேன். "புதன்கெழமை விழ இருந்தேன். சொல்லாம வுட்டுட்டேன்."

ஓனர் "அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஏணி மாமா வந்தார். மூன்று மாடியையும் அந்தக் காலோடு ஏறி வந்திருக்கிறார். பழக்க தோஷத்தில் ஜங்ஷன் பாக்ஸையும் தூக்கி வந்திருந்தார். அந்த அம்மா அவரை ஓரமாக அழைத்து, "இவருக்கு இதயம் சரியில்ல போல. பாத்துக்கப்பா" என்றார்.

ஏணி மாமா என் கோட்டைப் பார்த்தார், மோர் டம்ளரைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றார் நிதானமாக. "ஒரு வாரமா உள்ள ஒண்ணுமே இல்லாம சுத்திக்கினு இருந்தாரு. இன்னிக்குத்தான் லேசா துடிக்குது."

டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து ஏணி மேல் ஏறினேன். கீழே கால் வந்து மிதித்தது ஏணியில் தெரிந்தது. கையை நீட்டினேன், ஸ்க்ரூ இருந்தது. நாலு ஜன்னலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டன.

சாயங்காலம் ஓனர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு பேருமே போங்கப்பா" என்றார். வாங்கிய கோட்டை வீணாக்க அவருக்கு மனசில்லை. இப்போது அதை ஏணி மாமா போட்டுக்கொண்டு கீழே நிற்கிறார். கொஞ்சம் கூடுதல் ஒயர் சேர்த்து மேலே என் டிரில்லுக்கு இழுத்திருக்கிறோம். அத்தனை எடையோடு அவர் மிதித்தால் ஏணி மலை மாதிரி நிற்கிறது. "ஜங்ஷன் பாக்ஸ தூக்கினு இருந்தேன், இப்ப நானே ஜங்ஷன் பாக்ஸ் ஆயிட்டேன் மாமே" என்று சொல்லிக்கொள்கிறார். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட ஓனர் இன்னும் வரவில்லை.

அந்த மதுரை அம்மா மாதம் ஒரு தடவை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டு மெசேஜ் அனுப்புகிறார். "நல்லா இருக்கேன்மா" என்று பதில் போடுகிறேன். பொய் சொல்லக் கூடாது என்று உங்களை மிரட்டுகிறவன் நான். அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் படத்தை யார் எடுத்தது என்று சின்னவன் கேட்டான். நான் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன். ஏணி மாமாதான் எடுத்தார். சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று ஓனர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் போனை வாங்கி, விரலில் இருந்த குங்குமத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, "ஊட்ல புள்ளைங்க பாக்கும், நல்லா சிரி மாமே" என்றார்.

நானும் சிரித்தேன்.