பதினோரு நிமிட பேட்டரி

ஒல்கின் நகர வானொலிக்கு இருபது வருடமாக நாடகம் எழுதும் மிக்தாலியாவின் கதைகளில் பெண்கள் எல்லோரும் பொறுமைசாலிகள். எழுதுகிறவளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். காலையில் ரேஷன் வரிசையில் நின்றுவிட்டு வந்து எழுத உட்கார்ந்தால் கரண்ட் இருக்காது. பழைய லேப்டாப்பும் பதினோரு நிமிடத்தில் கண்ணை மூடிவிடும். மியாமியிலிருந்து தங்கை அனுப்பிய புது பேட்டரியைப் போட்ட பிறகும் அதே கதிதான்.

அதை மாட்டிக் கொடுத்த, பழுது பார்க்கும் ஓஸ்மெலின் மேசையில் லேப்டாப்பை வைத்துக் கத்தினாள். "புதுசை நீ அமுக்கிட்டு பழசையே மாட்டிட்டியாடா?"

அவன் அசரவில்லை. சார்ஜ் எப்போதெல்லாம் குறைந்தது என்று திரையில் காட்டினான். "பேட்டரி கல்லுக்குண்டாட்டம் இருக்குக்கா. தினமும் காலைல பத்து மணிக்கு, மூடி வெச்சிருக்கறப்பவே யாரோ உறிஞ்சறாங்க. வீட்ல பாருங்க."

மறுநாள் ரேஷனுக்குக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். மூடிய லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாகக் கொல்லைக்குப் போயிருந்தது. அதன் முனையில் ஒரு குட்டி ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், கூண்டுக்குள் கண் சொக்கி நின்றது புருஷன் ரிகோபெர்த்தோவின் சண்டைச் சேவல்.

"ஞாயித்துக்கிழமை சண்டை இருக்குடி. பாவம், அதுக்கு வெயில் தாங்கலை" என்றான் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன்.

"எனக்குத் தாங்குதா? ஒரு நாளாவது ஒரு அட்டையை எடுத்து எனக்கு விசிறியிருப்பியா?"

ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். "போய் அடுப்புல வெந்நீர் வை."

"குளிக்கப் போறியா?"

"நான் இல்லை. உன் சேவல்."