நான் கொடுத்த சோப்பு

விமான நிலையத்தில் இறங்கியபோது என் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்தான் இருந்தது. அழைக்க வந்த அண்ணன் முதலில் பையைப் பார்த்தான், பிறகுதான் என்னைப் பார்த்தான். வளைகுடாவில் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்தவள் வெறுங்கையோடு பாறசாலைக்கு வந்தால் ஊர் என்ன பேசும்? வழியில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு பக்கம் காரை நிறுத்தினான். வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் சோப்பு, செண்டு, பாதாம் என்று ஒரு பெட்டி நிறைய வாங்கினான். பெட்டியும் அங்கே வாங்கியதுதான்.

மறுநாள் வீடு வீடாகப் போய் நானே கொடுத்தேன். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டது, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு என்னை விற்றது, தப்பித்துப்போய்த் தூதரகக் காப்பகத்தில் கிடந்தது, எதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஆறு மாதம் கழித்து அடுத்த வீட்டு அக்கா தன் மகளின் பாஸ்போர்ட்டோடு வந்தார். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. என்னை அனுப்பிய அதே ஏஜென்ட்தான். வெள்ளிக்கிழமை விமானம். நான் நல்லபடியாகத் திரும்பி வந்ததைக் கண்டுதான் துணிந்ததாகச் சொன்னார். அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"நீ மட்டும் நல்லா இருந்தா போதுமா மக்கா? எம்பிள்ள கரையேறக் கூடாதா?"

"அக்கா, அந்த சோப்பு நெய்யாற்றின்கரை கடையில வாங்கினதாக்கும்."

மீதியையும் சொன்னேன். வாசலில் நின்று அந்தப் பெண்ணும் கேட்டாள். ஏஜென்டைப் பற்றிக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை விமானம் அவள் இல்லாமல் போனது.

அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. விசாரிக்கப் போலீஸ் தன் வீட்டு வாசலுக்கு வந்ததால் மானம் போயிற்று என்று அக்காவும் பேசுவதில்லை. எனக்கு அங்கே என்னென்ன நடந்திருக்கும் என்று ஊரே முடிவு செய்துகொண்டது. கல்யாணம் சொல்ல வருகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது, சில நாள் அழுகையும் வருகிறது. அங்கே மொழி தெரியாததால் பேச ஆளில்லை. இங்கே தமிழும் மலையாளமும் தெரிந்தும் ஆளில்லை.

அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் நான் போகும் பஸ்ஸில்தான் அவளும் வருவாள். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவாள். நிற்கட்டும். பஸ்ஸில் ஏறியதும் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.