மாவுக்குப் பயந்து எழுதிய ரிப்போர்ட்

1. என் முதல் கண்டுபிடிப்பு

டிஎன்ஏ பார்கோடிங் செய்து நான் கண்டுபிடித்த முதல் நோய்க்கிருமி, எங்கள் வீட்டு இட்லி மாவு.

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் கண், தோல், நகம் என்று சுரண்டி எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் என்ன பூஞ்சை இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. ரொம்ப வருஷம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தே பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் பார்கோடிங் வந்தது. திருப்பாதிரிப்புலியூர் கடைகளில் சோப்பு உறையில் உள்ள கறுப்புக் கோடுகளை மெஷினில் காட்டினால் பெயர் வந்துவிடுகிறது அல்லவா? அதுமாதிரி, பூஞ்சையின் டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்று ஒரு துண்டு இருக்கிறது. அதை பிசிஆர் மெஷினில் கோடிக்கணக்கில் நகல் எடுத்து, சீக்வென்சிங் செய்ய வெளியூருக்கு அனுப்புவோம். எழுத்து வரிசையாகத் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டால் பெயர் சொல்லிவிடும்.

நான் செய்த முதல் சாம்பிள் ஒருவருடைய கால் நகம். ஈஸ்ட் என்று ரிசல்ட் வந்தது. அபூர்வமான நோய் என்று குதித்தேன். எங்கள் டாக்டர் ஸ்டெல்லா மேடத்திடம் அரைமணி நேரம் வாதாடினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்பழகன், அன்னிக்குக் காலைல வீட்ல என்ன டிபன்?" என்றார்.

என் மனைவி ஸ்கூல் டீச்சர், என்னைவிட முன்னால் கிளம்பிவிடுவாள். எனவே இட்லி ஊற்றுவது என் டிபார்ட்மெண்ட். அன்றைக்குப் பொங்கி வழிந்த மாவைக் கையால் கலக்கிவிட்டு, அதே கையோடு பஸ் பிடித்து வந்து, அவசரத்தில் க்ளவுஸ் போடாமல் ட்யூபைத் திறந்திருக்கிறேன். மாவிலிருந்த ஈஸ்ட் உள்ளே போய்விட்டது. மேடம் அன்றே எனக்கு 'மாவு சார்' என்று பெயர் வைத்தார். வாட்ச்மேன் வரைக்கும் அதே பெயர்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபப்பட்டால் இன்னும் ஜாஸ்தி கூப்பிடுவார்கள்.

அதற்குப் பிறகு மேடம் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு ட்யூபில் சாம்பிளே போடாமல் வெறும் தண்ணீரை வைத்து, மற்ற ட்யூப்களுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும். அதுதான் கன்ட்ரோல். கடைசியில் டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டும்போது அந்தத் தண்ணீருக்கும் பேண்ட், அதாவது டிஎன்ஏ கோடு, தெரிந்தால் வேலையில் அழுக்கு கலந்துவிட்டது என்று அர்த்தம். தெரியாவிட்டால் சுத்தம்.

2. குமரவேலின் கண்

பிச்சாவரத்தில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவர் குமரவேல். சுரபுன்னைக் காட்டுக்குள் படகைத் திருப்பும்போது ஒரு குச்சி அவர் வலது கண்ணைக் கீறிவிட்டது. உப்பங்கழித் தண்ணீரையே அள்ளிக் கழுவிவிட்டு மறுபடி துடுப்பைப் பிடித்திருக்கிறார். நாலு நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண்.

கடலூரில் கண் டாக்டர் சுரண்டிப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் நூல் நூலாகத் தெரிந்தது. பூஞ்சை என்று அதற்கான சொட்டு மருந்தை ஆரம்பித்தார். மணிக்கு ஒரு தரம் விட்டும் புண் பெரிதாகிக்கொண்டே போனது. கண் டாக்டர் எங்கள் மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், எதுக்கும் கேக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை கருவிழிய வெட்டி எடுத்துட்டு வேற வைக்கலாம்னு இருக்கேன். அதுலயும் திரும்ப வந்துச்சுன்னா கண்ணையே எடுக்க வேண்டியதுதான். அதுக்குள்ள பேரச் சொல்லுங்க."

அவர் சுரண்டி அனுப்பியதை வளர்த்த எங்கள் கல்ச்சர் தட்டில் மெல்லிசாக, நிறமில்லாமல் ஏதோ படர்ந்திருந்தது. அடையாளம் சொல்ல ஒரு வித்துகூட இல்லை. எனவே பார்கோடிங் செய்தேன். வியாழக்கிழமை காலை ரிசல்ட் வந்தது. கம்ப்யூட்டர் சொன்ன பெயர் பிதியம்.

பிதியம் எனக்குத் தெரிந்த பெயர்தான். மிளகாய் நாற்றங்காலில் நாற்று அழுகிச் சாய்வதற்குக் காரணமான இனம் அது. ஈரமண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பது, மனுஷன் கண்ணுக்கு எப்படி வரும்? எங்கேயோ குழாய்த் தண்ணீர் பட்டுவிட்டது, மறுபடியும் மாவுக் கதைதான் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. 'கன்டாமினேஷன். புது சாம்பிள் அனுப்பவும்' என்று ரிப்போர்ட்டை அடித்துவிட்டு, மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் இருந்த குமரவேலுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி வசந்தி எடுத்தார்.

"அவுங்க கண்ணுல மருந்து உட்டுக்கினு இருக்காங்க சார். இருங்க, தர்றேன்."

விஷயத்தைச் சொன்னேன். குமரவேல் சிரித்தார்.

"எத்தினி தபா சார் சொரண்டுவீங்க? அது கண்ணா, தேங்கா மூடியா?" அப்புறம் குரல் இறங்கியது. "சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். திங்கக்கிழமைக்குள்ள உங்க ரிசல்ட்டு வந்துருமா? ஒத்தக் கண்ணா பூட்டா, என்ன நம்பி யாரு சார் புள்ளகுட்டியோட படகுல ஏறுவாங்க?"

வராது. புது சாம்பிள் வந்து, சீக்வென்சிங் முடிய இன்னும் ஒரு வாரம் ஆகும். அது எனக்குத் தெரியும். "பாக்கலாம்" என்று போனை வைத்துவிட்டேன். சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. எழுந்து நேராக மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கன்ட்ரோல்ல பேண்ட் இருந்துச்சா?"

"இல்ல மேடம். சுத்தமா இருந்துச்சு."

"பின்ன எத வச்சு கன்டாமினேஷன்னு எழுதுனீங்க?"

உண்மையைச் சொன்னேன். "திரும்பவும் எல்லாரும் சிரிப்பாங்கன்னு, மேடம்."

"அந்தப் பேர வச்சது நான்தான். தப்பு என்னோடதும்தான்" என்றார் மேடம். பிறகு ரிசல்ட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். சட்டென்று நிமிர்ந்தார். "அய்யோ அன்பழகன்! மொத வார்த்தைய மட்டும் பாத்தீங்களே, முழுப் பேரப் பாத்தீங்களா? இது நாத்துல வர்ற பிதியம் இல்ல, மனுஷங்களுக்கு வர்றது. இது பூஞ்சையே கெடையாது. பாக்கத்தான் அச்சு அசலா பூஞ்சை மாதிரி. அதான் பூஞ்சை மருந்து ஒண்ணும் கேக்கல. போங்க, போய் புல்லு புடுங்கிட்டு வாங்க!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே புல் வேண்டுமாம், பிதியம் அதில் ஏறி வளர்ந்தால்தான் வித்து விடுமாம். காம்பவுண்டு ஓரத்தில் நான் புல் பறிப்பதை வாட்ச்மேன் விநோதமாகப் பார்த்தார். அதைக் கொதிக்க வைத்துக் கல்ச்சர் தட்டின்மேல் பரப்பி, கதகதப்பான இன்குபேட்டரில் வைத்தோம். மறுநாள் அந்தப் புல்லை உப்புக்கரைசலில் போட்டுச் சில மணி நேரம் காத்திருந்தோம். மைக்ராஸ்கோப்பில் குனிந்த மேடம், "வாங்க, வாங்க!" என்று கத்தினார். குட்டிக் குட்டி உருண்டைகள் குறுக்கும் நெடுக்கும் நீந்திக்கொண்டிருந்தன. நாங்கள் வழக்கமாகக் கண்ணில் பார்க்கிற பூஞ்சை எதுவும் இப்படி நீந்தாது. பிதியத்தின் வித்து நீந்தும்.

மேடம் உடனே கடலூருக்குப் போன் போட்டார். கண் டாக்டர் பூஞ்சை மருந்தை நிறுத்திவிட்டு, பாக்டீரியாவுக்குத் தரும் மருந்துகளில் இதற்குக் கேட்பதை ஆரம்பித்தார். திங்கட்கிழமை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். அடுத்த வாரம் புண் சுருங்க ஆரம்பித்தது. அதற்கு அடுத்த வாரம் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் லேபில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

3. பிச்சாவரத்தில்

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தப்பு செய்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ரிப்போர்ட் எழுதாதீர்கள். கன்ட்ரோல் சுத்தமாக இருந்தால், வந்த பெயர் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சில மாதம் கழித்துக் குடும்பத்தோடு பிச்சாவரம் போனேன். குமரவேல் படகில்தான் ஏறினோம். வலது கண்ணின் ஓரத்தில் சின்னத் தழும்பு, வெள்ளையாக. பார்வை எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு, நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்க சட்டப் பாக்கெட்டுல பேனா மை ஒழுகிக்கினு இருக்கு."

குனிந்து பார்த்தேன். நீல மை, ஒரு மிளகு அளவுக்குத்தான் பரவியிருந்தது.