மேல்சட்டத்தில் இரண்டு வெள்ளிக் கோடுகள்

"அனுமதி பெற்ற கைத்துப்பாக்கியில் வழக்கமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம் குறையாகக் கருதப்படாது." எங்கள் அலுவலக விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருந்தது. நல்ல விதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஈப்போவில் ஆயுத அனுமதிப் பிரிவின் குமாஸ்தாவாக இருந்த நான் ஒருவன்தான் அதைப் படித்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியார் தம் துப்பாக்கியை ஆண்டுச் சோதனைக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது, மணமாகாதவர். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னத் துப்பாக்கி, சம்பளப் பெட்டியோடு ரயிலில் போகும்போது வைத்துக்கொள்ளத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாங்கிக் கொடுத்தது. குழாய்க்கு மேலே முன்னும் பின்னும் நகரும் மேல்சட்டத்தில், உராயும் இடங்களில் நீலப் பூச்சு போய் இரண்டு வெள்ளிக் கோடுகள் தெரிந்தன. விரிசல் இல்லை, பிசிறு இல்லை. வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் கோடுகளை மட்டும் பார்த்தார். "அடிக்கடி சுடப்பட்டிருக்கிறது" என்று எழுதித் துப்பாக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டார். கிராணியாருக்குக் கொடுத்திருந்த ஆறு தோட்டாக்களும் பச்சை பூத்து அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்கச் சொல்லி விதி இல்லை.

விளக்கம் எழுதுவதற்காகக் கிராணியார் என் மேசைக்கு வந்தார்.

"சுடேல்லை தம்பி. துடைச்சனான்."

"துடைச்சா இவ்வளவு தேயுமாங்க ஐயா?"

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் கழட்டிப் பூட்டுவன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓடுதோ எண்டு இழுத்து இழுத்துப் பாப்பன். பிறகு அதைத் துடைச்சுப்போட்டு மறுபடி விடுவன்." தம் கைகளைப் பார்த்தார். "தோட்டத்துச் சனத்தோட கிராணி கதைக்கக் கூடாது. துரை என்னோட கதைக்கமாட்டார். படுக்கிறமட்டும் கைக்கு என்ன வேலை?"

இப்போது தனியே வசிக்கும் நான் கைக்கடிகாரத்துக்கு நாளைக்கு மூன்று தடவை சாவி கொடுக்கிறேன். அன்று எனக்கு அது புரியவில்லை. சொன்னதை அப்படியே எழுதுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள் என்றேன்.

"கதைக்க ஆளில்லாமல் துடைச்சன் எண்டு துரைத்தனத்துக்கு எழுதச் சொல்லுறீரோ?"

விளக்கம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி எண்ணெயிட்டுச் சுத்தமாக இருப்பதைக் குறிப்பிட்டு, நான் விதியை மேற்கோள் காட்டி, மேலிடத்தின் கருத்தைக் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். துப்பாக்கி கைக்கு வரும்வரை சம்பளப் பெட்டி இரண்டாம் கிராணியின் பொறுப்பு; ஆண்டு முடிவதற்குள் துப்பாக்கி திரும்பாவிட்டால் பெரிய கிராணி வேலையும் அதோடு சேர்ந்த வீடும் அந்த இரண்டாமவருக்கே என்று துரை சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்து, மறுமொழி வந்ததோ என்று கேட்பார். அரைநாள் வேலை முடிந்ததும் இருவரும் கோப்பிக்கடைக்குப் போவோம். இரண்டு மணி நேரம் கதைப்பார். ஒரு வாரத்துப் பேச்சு.

"ஒங்க சனிக்கெழம மாப்பிள்ள வந்தாச்சு லா" என்பான் பியூன். கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்த எனக்கும் வேறு யார் வந்தார்கள்?

பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கான படிவம் என் இழுப்பறையிலேயே இருந்தது. ஒரு நாள் அவரே கேட்டார்.

"நினைப்பூட்டி ஒண்டு எழுதலாமோ தம்பி?"

"எழுதினா மேலிடத்துக்குக் கோவம் வருங்க ஐயா" என்றேன்.

அவர் நம்பினார். விதி தெரிந்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

ஆண்டு முடிந்தது, வேலையும் வீடும் போயின. அடுத்த சனிக்கிழமை தகரப்பெட்டியோடு வந்து, ஊர் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "மறுமொழி வந்தால் அனுப்பிவிடும். சும்மா வாசிக்கத்தான்" என்றார். பினாங்கில் அவர் கப்பல் பொங்கலன்று புறப்பட்டது.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் நினைவூட்டலை அனுப்பியிருந்தேன். "வழக்கமான தேய்மானம். எண்ணெயிட்டுப் பேணியது திருப்திகரம். ஆயுதத்தை உரியவரிடம் திருப்பித் தருக" என்று மூன்றே வரிகளில் பதில் வந்தது. அலுவலக முத்திரையை அன்றைய தேதிக்கு மாற்றி நானே குத்தினேன்: ஜனவரி பதினைந்து, பொங்கலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.