ஃபாவா நிற்காத நிறுத்தம்

"ஏறுங்க, ஏறுங்க, கதவச் சாத்தப் போறேன்!" என்று ஆர்டிசோக் மொக்குகளைச் சட்டிக்குள் தள்ளுவார் ஸெத்திமியோ. ரோம் நகரத்தில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர். விஞ்ஞரோலா என்கிற வசந்தகாலக் காய்க்கூட்டைச் சமைக்க அவருக்குக் கடிகாரம் வேண்டாம். முதல் நிறுத்தத்தில் பன்றிக்கொழுப்பும் வெங்காயத்தாளும் ஏறும். அடுத்ததில் ஆர்டிசோக், மூன்றாவதில் ஃபாவா அவரை, பிறகு பட்டாணி, கடைசியாக லெட்டூஸ் கீரையும் புதினாவும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நாக்கால் மணியடிப்பார். தண்ணீர் கொஞ்சமாகத்தான் தெளிப்பார். "காய் விடுற தண்ணியே போதும்" என்பார்.

இத்தனை காயும் ஒன்றாகச் சந்தைக்கு வருவது வசந்தத்தில் மூன்றே வாரம். அந்த மூன்று வாரமும் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "ஃபாவா போட்டீங்கல்ல? ஃபாவா இல்லாட்டி அது ஆஸ்பத்திரிக் கஞ்சிங்க" என்று பாடம் எடுப்பார்.

அந்த வாய்தான் அவருக்கு வினையாக வந்தது. போன வருடம் மகள் ஒர்னெல்லா, தான் கட்டிக்கொள்ளப்போகிற ஸார்தீனியாத் தீவுக்கார எஃபிஸியோவைப் பற்றிப் போனில் சொன்னாள். அவன் ரத்தத்துக்கு ஃபாவா ஆகாது, சின்ன வயதில் தெரியாமல் தின்று, உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்றாள். இவர் சிரித்துக்கொண்டே, "ஃபாவா திங்க முடியாதவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றார். அதோடு சரி. ஒரு வருடமாக அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இவர் கூப்பிட்டால், "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்த இரண்டு வார்த்தைக்காகவே வாரம் தவறாமல் கூப்பிடுவார், பாவம்.

கடைசியில், இந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வருகிறோம் என்றாள். "ஆனா வீட்ல ஒரு ஃபாவாத் தோல்கூட இருக்கக்கூடாது. இருந்தா அப்படியே திரும்பிருவோம்."

சனிக்கிழமை காலையில் சந்தைக்காரி, வாடிக்கைக்காரர் ஆயிற்றே என்று, கேட்காமலே பையில் ஃபாவாவையும் கொட்டியிருக்கிறாள். இவர் மகள் வருகிற சந்தோஷத்தில் பாட்டு முணுமுணுத்தபடி உரித்தார். மூன்றாவது நிறுத்தத்தில் மணியடித்துச் சட்டியில் போட்டார். குளித்துவிட்டு வந்த மனைவி டெல்ஃபினா தோல் குவியலைப் பார்த்து அலறினாள்.

"யோவ்! என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

அவருக்கு உயிரே போய்விட்டது. கரண்டியை எடுத்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"பொறுக்கிட்டா ஆச்சா? சாறு இறங்கியிருக்காதா? அந்தப் பையனக் கொல்லவா பாக்குற?"

"கை தானாப் போட்டுருச்சு டெல்ஃபினா" என்றார்.

டெல்ஃபினா ஈரத்தலையோடு சந்தைக்கு ஓடினாள். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு அம்லேத்தோவிடம் போனார்.

"கேக்காமலே வருதே, விஷம் கிஷம் வச்சிருக்கியா?" என்று கேட்டார் அம்லேத்தோ.

"உனக்கில்ல. என் மருமகனுக்குத்தான் விஷம்" என்றார் ஸெத்திமியோ. மருமகன் என்ற சொல் அவர் வாயில் வந்தது அன்றுதான் முதல் தடவை. அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. "ஃபாவா படாத சட்டி ஒண்ணு குடு."

"என் சட்டி பாஸ்தாவத் தவிர எதக் கண்டுச்சு? எடுத்துட்டுப் போ."

தோலையெல்லாம் மூட்டை கட்டித் தெருக்கோடித் தொட்டியில் போட்டார். தரையை இரண்டு தடவை துடைத்தார். சட்டையை மாற்றினார். எலுமிச்சம்பழத்தை அறுத்து நகக்கண்ணில் தேய்த்துத் தேய்த்து, பிரஷ் போட்டு, தோல் சிவக்கிற வரை கழுவினார். பிறகு டெல்ஃபினா வாங்கி வந்த காய்களை வைத்து மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது நிறுத்தம் வந்தபோது மணியடிக்கவில்லை. "இங்க வண்டி நிக்காது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பட்டாணியைப் போட்டார்.

ஒரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது.

"அப்பா... வரலாமா?"

மன்னிப்புக் கேட்க நாலு நாளாக வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தார். வாசலுக்கு வந்தார். கீழே ஒர்னெல்லா நின்றாள். பக்கத்தில் ஒயின் புட்டியை மார்போடு அணைத்தபடி நெட்டையாக ஒரு பையன். ஸெத்திமியோ இரண்டு கைகளையும் அந்தப் பையனுக்கு முன்னால் நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரிடம் நகம் காட்டுகிற மாதிரி, விரல்களை விரித்து, உள்ளங்கையும் புறங்கையுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே நின்றார்.