அண்ணனுக்கு அனுப்பிய ஒசாகா

அண்ணனை அடக்கம் செய்த நேரத்தில் நான் ஜப்பானில், ஒசாகா நகரத்துக் கால்வாய் ஓரம், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அங்கே வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் ஒரு பெரிய விளம்பரப் பலகைக்குக் கீழே அப்படித்தான் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை, பார்க்கத் தைரியமும் இல்லை.

திருவொற்றியூரில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. அண்ணன் ஆரம்பித்தது, நான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன். நன்றாக விற்கிற கடைக்காரர்களைக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும். இந்த முறை ஒசாகா, கடைக்கு ஓர் ஆள். நியாயமாக அண்ணன்தான் போயிருக்க வேண்டும்.

"எனக்கு முட்டி வலி நைனா, அவ்ளோ தூரம் குந்திகினு வர முடியாது. நீ போ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கயும் கடல் காத்துதான? இங்க வருஷம் திரும்பறதுக்குள்ள இரும்பு கேட்டெல்லாம் துருப்புடிச்சுக்குது, கஸ்டமர் நம்ம உசுர வாங்கறான். அவங்க இன்னா பண்றாங்கன்னு பாத்து ஃபோட்டோ அனுப்பு. மாட மாளிகையெல்லாம் எனக்கு வேணாம்."

அதனால் கூட வந்தவர்கள் கோட்டையைப் படம் எடுத்தபோது நான் பாலத்தின் அடியில் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக் கைப்பிடிக் கம்பி, இரும்புப் படிக்கட்டு, கப்பலைக் கட்டுகிற தூண், ஒன்றையும் விடவில்லை. "பாய்க்கு என்னமோ ஆயிடுச்சுப்பா" என்று கிண்டல் செய்தார்கள். காற்றில் அப்படியே ராயபுரத்து உப்பு. ஆனால் கம்பியை அழுத்தித் தேய்த்தாலும் விரலில் ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதல் நாள் அனுப்பிய படங்களுக்கு அண்ணனின் குரல் வந்தது. அவர் டைப் செய்யவே மாட்டார், யார் கண்ணாடியைத் தேடுவது என்பார். எதுவானாலும் குரல் பதிவுதான், பின்னால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனோடு. "டேய், மேல மட்டும் காட்டினா இன்னா தெரியும்? ஓரத்துல லைட்டா சொரண்டிட்டு எடுறா. எத்தினி கோட்டிங்னு பாப்போம்." பாலத்தைச் சுரண்டினால் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பதில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்து ஒரு பதிவு அனுப்பினார். நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

மறுநாள் விடிகாலைத் தொழுகைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விழுந்தார். எழவில்லை. எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைக்கிற வழக்கம் இல்லை. பகல் தொழுகை முடிந்ததும் அடக்கம் ஆகிவிட்டது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அண்ணி. "வந்தாலும் மொகம் பாக்க முடியாது. அவுரு ஆசப்பட்டு அனுப்பினது, முழுசா பாத்துட்டு வரட்டும்" என்றாராம். என் மனைவியும் அதற்குத் தலையாட்டியிருக்கிறாள்.

நாலு நாள். நான் படம் அனுப்பிக்கொண்டே இருந்தேன், அண்ணனின் எண்ணிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. 'சூப்பர்.' 'நல்லா கீது.' ஒரு கட்டைவிரல். எல்லாம் எழுத்தில். பெயிண்டைப் பார்த்து 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா என் அண்ணன்? எத்தனை கோட்டிங் என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்குமா? மரமண்டை, எனக்கு உறைக்கவே இல்லை. கடையில் கூட்டம் போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நச்சரிப்பு இல்லாதது நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பாடா என்று நானும் கோட்டைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். பாவி.

மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியதும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பதில் போட்டது யார் என்பதையும் வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது.

ராயபுரத்து வீட்டில் அண்ணன் மகள், காலேஜில் படிக்கிறவள், அவருடைய போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, கத்தினேன். "மௌத்தான மனுசன் பேருல பதில் போடுவியா? உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வூட்ல எல்லாரும் அத்தா போய்ட்டாருன்னு அழுதுகினு இருந்தாங்க சின்னத்தா. நீங்க ஒருத்தர்தான் அவர்கிட்ட பேசிகினு இருந்தீங்க. உங்க மெசேஜ் வர்றப்பல்லாம் அவரு கடையில கீறாருன்னு எனக்கும் தோணும். உங்ககிட்ட சொல்லிட்டா அதுவும் போயிடும்ல?"

பெட்டியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கேட்டாள். "நேத்து ஒண்ணுமே வரலியே. எடுக்கலியா?"

"எடுத்தேன். கெளம்பற அவசரத்துல அனுப்பல."

"அனுப்புங்க."

என் போனை அவளிடமே நீட்டியிருக்கலாம். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. எட்டுப் படங்கள், ஒவ்வொன்றாக அண்ணனின் எண்ணுக்கு அனுப்பினேன். அவள் மடியில் போன் எட்டு முறை சத்தம் போட்டது. எல்லாவற்றையும் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். என் திரையில் நீல டிக் விழுந்தது.

காத்திருந்தேன். அவள் எதுவும் எழுதவில்லை, போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.